நாலு மணிப் படம்

“பாஸ்வேர்டைச் சொல்லுங்க” என்றேன்.

அத்தை உரித்துக்கொண்டிருந்த நிலக்கடலை முறத்தில் விழாமல் பாயில் சிதறியது. கவீசியின் வீட்டில் உட்கார்ந்து போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். தன் பெரியப்பாவின் அடக்கத்துக்காக மசாக்கா ஊருக்குப் போயிருந்த அவனுடைய மூச்சு மட்டும் கேட்டது. அவனுக்குப் பின்னால் பெண்கள் அழுதார்கள். யாரோ சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கினார்கள்.

கல்யாணப் பாடம் எடுத்த இரண்டு மாதமும் அத்தை எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். “ஆம்பளைகிட்ட எதை வேணும்னாலும் கேளு. குடுக்கலைன்னா அழு. அழுதும் குடுக்கலைன்னா எங்கிட்ட வா. பாஸ்வேர்டை மட்டும் கேக்காதே. கேட்டவ எவளும் புருஷன் வீட்டுல நிலைச்சதில்ல.” அப்பாவின் அக்கா அவள், என் செங்கா. பெண்ணை இன்னொரு வீட்டுக்குத் தயார் செய்வது செங்காவின் வேலை. பெற்ற அம்மாகூட அதில் குறுக்கே பேச முடியாது. அடுத்த சனிக்கிழமை கவீசி கூடைகளும் சேவலும் தூக்கிக்கொண்டு மித்தியானாவில் என் அப்பாவின் வாசலுக்கு வரவேண்டும். வரும் கூட்டத்திலிருந்து அவனைக் கைபிடித்து எழுப்பி, மாப்பிள்ளை இவன்தான் என்று காட்டப்போவதும் அத்தைதான்.

“எதுக்கு?” என்றான் கவீசி கடைசியில்.

“டிஸ்க் அடிச்சுக்குது. காலையிலேர்ந்து டக்கு டக்குன்னு சத்தம். இருபத்தாறு வீட்டுக்கும் படம் நின்னுபோச்சு. புது டிஸ்க் மேசை மேலதான் இருக்கு. உள்ள போனாத்தான் எடுத்து வைக்க முடியும்.”

“அணைச்சுடு. திங்கக்கிழமை நானே வந்து பாத்துக்கறேன்.”

“அணைச்சா மறுபடி எழுந்திருக்காதுன்னு குரூப்ல சொன்னது யாரு? நீங்கதானே?”

அவன் சொன்னதை அவனிடமே திருப்பிச் சொன்னால் கவீசியால் பதில் சொல்ல முடியாது. எனக்கு அது தெரியும்.

கிரேகாவில் அவன் குடியிருக்கும் வளாகத்தில் கணினி என்றால் கவீசிதான். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட கணினியை வாங்கி, டிவிக்குக் கீழே வைத்து, சுவரோரமாக வயர் இழுத்து, இருபத்தாறு வீட்டுக்கும் படமும் தொடரும் ஓடவிட்டான். அடிதடிப் படத்தின் மேலே நம் லுகாண்டா மொழியில் ஒரு ஆள் விடாமல் பேசிக்கொண்டே போவானே, அந்த வகைப் படம் மட்டும் ஆயிரத்துக்கு மேல் வைத்திருந்தான். வாட்ஸ்அப்பில் ‘கிரேகா பெட்டி’ என்று ஒரு குரூப். அதில் தினமும் அவன் குரலில் ஓர் ஆலோசனை வரும். “புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக் காசைக் கரைக்காதீங்க, பழசு போதும்.” “வயர் போடுங்க. காத்துல விட்டது காத்தோட போயிடும்.” “ரெண்டு டிஸ்க் வாங்கினா ஒரே கடையில ஒரே நாள்ல வாங்காதீங்க. சேந்து பொறந்தது சேந்து சாகும்.” “சினிமா போனா மறுபடி கிடைக்கும். பிள்ளையோட முதல் பல்லு மறுபடி முளைக்காது. போட்டோவை முதல்ல காப்பாத்துங்க.” அப்புறம் எல்லோருக்கும் பிடித்தது: “நம்ம பொருள் நம்ம வீட்டுல இருக்கணும். வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதுக்கு உன் பொண்டாட்டி போட்டோ?”

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடும் அவனிடம் போனைக் கொடுத்தது. எடுக்கிற போட்டோ தானாகப் பெட்டிக்குப் போய்ச் சேரும்படி செய்து கொடுத்தான். கொடுக்கும்போது ஒரு துண்டுச் சீட்டு நீட்டுவான். பெயர், மெயில், பாஸ்வேர்டு. எழுதித் தரவேண்டும். “மறந்துட்டா எங்கிட்டதானே வருவீங்க” என்பான். அந்தச் சீட்டுகள் அலமாரியின் மேல் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. இரண்டு வருஷம் முன்னால் நானும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். பட்டதாரி! எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி! அதுவும் கணினியில். எழுதிக் கொடுத்துவிட்டுச் சிரிக்கவும் சிரித்தேன்.

“என்ன மணப்பொண்ணே, வந்துச்சா?” வாசலில் மாமா ஷிஃப்ரா நின்றிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி; இங்கே ‘மாமா’ என்றால் அம்மா, பிள்ளை பெயரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். இடுப்பில் ஷிஃப்ரா.

“இன்னும் இல்லக்கா.”

“தொடர் போனா போகுது. என் பிள்ளை போட்டோ எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. போனைத்தான் டாக்சியில அடிச்சுட்டுப் போயிட்டானே. பொறந்த அன்னிக்கு எடுத்தது அது ஒண்ணுதான்.” அவள் அத்தையைப் பார்த்ததும் பிள்ளையோடு முட்டி போட்டு வணக்கம் சொன்னாள். அத்தை உம் உம் என்று பதில் வணக்கம் சொல்லி, கண்ணை என் மேலேயே வைத்திருந்தாள்.

“கேட்டீங்களா?” என்றேன் போனில். “மாமா ஷிஃப்ரா இங்கதான் நிக்கறாங்க. பாஸ்வேர்டு.”

“பத்து நிமிஷம் இரு. இங்க சிக்னல் இல்ல. மெசேஜ்ல அனுப்பறேன்.” வைத்துவிட்டான்.

மாமா ஷிஃப்ரா பெட்டியை எட்டிப் பார்த்தாள். “நின்னுபோச்சுன்னே. இந்த லைட்டு ஏன் இப்படி மின்னுது?”

நானும் பார்த்தேன். யாரும் எதுவும் பார்க்காத நேரம். பெட்டியின் பச்சை விளக்கு விடாமல் துடித்தது. டக்கு டக்கென்ற சத்தத்துக்கு நடுவே டிஸ்க் எதையோ தேடித் தேடி ஓடியது.

“சாகப் போறது துடிக்கத்தான் செய்யும்” என்றாள் அத்தை, பாயில் கிடந்த கடலையைப் பொறுக்கிக்கொண்டே. “ஏண்டி, அவ்வளவு சொல்லியும் கேட்டுட்டியே. அடுத்த வாரம் கல்யாணம். இன்னிக்கு இதைக் கேக்கறே.”

“அத்தே, இது போன் பாஸ்வேர்டு இல்ல. பெட்டி பாஸ்வேர்டு.”

“கதவு சின்னதா இருந்தா என்ன, பெரிசா இருந்தா என்ன? உள்ள போறது போறதுதானே?”

அவளையும் என்னோடு அழைத்துத்தான் வரவேண்டியிருந்தது. விழா முடியாமல் நான் தனியாக அவன் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது, அவன் ஊரில் இல்லாவிட்டாலும். ப்வெயோகெரெரேயிலிருந்து போடா என்கிற வாடகை பைக்கில் என் முதுகில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, முறத்தையும் கடலையையும் தூக்கிக்கொண்டு வந்தவள்.

பன்னிரண்டாவது நிமிஷம் விளக்கு அடங்கியது. உடனே மெசேஜ் வந்தது. என் பெயர், என் பிறந்த நாள், கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி. அதுதான் பாஸ்வேர்டு.

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. “பாத்தியா! பெட்டிக்கே உன் பேரை வச்சு பூட்டியிருக்கான். இவனைப் போயி...”

எனக்கும் ஒரு நிமிஷம் வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த மெசேஜ்: “மேல இருக்கறதை மட்டும் எடு. நாலு மணிப் படம் எதையும் தொடாதே. எடம் அடைக்கும்.”

வெட்கம் அந்த இடத்திலேயே நின்றது. நாலு மணிப் படத்தைப் பற்றி கவீசி குரூப்பில் பேசாத வாரம் இல்லை. “அழிச்சா அழிஞ்சுபோச்சுன்னு அழாதீங்க” என்பான். “தினம் விடியக்காலை நாலு மணிக்கு என் பெட்டி தன்னைத்தானே ஒரு படம் பிடிச்சு வச்சுக்கும். மத்தியானம் நீங்க தெரியாம எதை அழிச்சாலும், நாலு மணிக்கு இருந்தது இருந்தபடி இருக்கும். அதுதான் பெட்டியோட உசிரு.” அந்த உசிரைத்தான் இப்போது தொடாதே என்கிறான்.

உள்ளே போனேன். முதலில் வீடுகளின் போட்டோக்களைப் புது டிஸ்க்குக்கு ஓடவிட்டேன். முதல் பல். ஷிஃப்ராவுடையதுதான் முதலில். இரண்டு மணி நேரம் ஆகும் என்று காட்டியது. அதுவரை டிஸ்க் தாங்கவேண்டும். மாமா ஷிஃப்ரா “கடவுள் தாங்குவார்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

காத்திருக்கிற நேரத்தில் பெட்டியின் குறிப்பேட்டைத் திறந்தேன். யார் எப்போது எதைச் செய்தார்கள் என்று பெட்டி தானே வரிவரியாக எழுதி வைக்கும். கடைசி வரி இப்படி இருந்தது: மதியம் 2.14, ‘N-2’ நீக்கப்பட்டது, செய்தவர் உரிமையாளர், வெளியிலிருந்து.

இரண்டு பதினாலு. விளக்கு துடித்துக்கொண்டிருந்த நேரம். மசாக்காவில் அடக்கத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சிக்னல் இல்லை என்று சொல்லிவிட்டு, போனிலிருந்து உள்ளே வந்து எதையோ அழித்திருக்கிறான்.

பெட்டிக்குள் எனக்கு, என் பெயரின் முதல் எழுத்தில், N என்றொரு கூடு உண்டு. என் போட்டோக்கள் அதில் வந்து சேரும். N-2 எனக்குத் தெரியாது.

இன்னொரு பெண் என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? நாமுலி, நாகாவா, நக்கிபூகா, எத்தனை பெயர் அந்த எழுத்தில். போனிலிருந்து கூட்டை அழிக்கலாம். நாலு மணிப் படத்தை அழிக்க முடியாது. அதற்குக் கணினியின் முன்னால் உட்கார வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்தவனும் அவன்தான்.

இன்று விடியற்காலைப் படத்தைத் திறந்தேன். N-2 அங்கே இருந்தது. திறந்தேன்.

நான்தான்.

என் போட்டோக்கள் இல்லை. அவை முதல் கூட்டில். இது என் மெசேஜ்கள். மாதம் மாதமாக. அம்மாவோடு பேசியது, கல்லூரித் தோழியோடு பேசியது, மாதவிலக்கு தள்ளிப்போனதென்று பயந்து பயந்து யாருக்கோ எழுதியது. என் போன் அழைப்புகள், குரலாக. நாளும் நேரமும் போட்டு. ஒன்றைத் தட்டினேன். என் குரலே கேட்டது: “அவன் தோக்கறதே இல்லடி, தோக்கப்போறப்ப ஒரு பட்டனை அழுத்தி ஆட்டத்தைப் பின்னால இழுத்துடறான்.” பழைய விளையாட்டுகளை அதே பெட்டியில் ஏற்றி வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை வளாகத்துக்கே போட்டி நடக்கும். பறக்கும் தட்டுகளைச் சுடுகிற ஒன்று, உதைபந்து ஒன்று, இரண்டிலும் அவனுக்குத்தான் முதலிடம். அந்தப் பட்டனைக் கண்டுபிடித்த அன்று நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அந்தச் சிரிப்பும் அதில் இருந்தது.

நிறுத்தினேன். அத்தை கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். மடக், மடக். பெட்டி டக்கு, டக்கு. எது எது என்று எனக்குப் பிரித்துக் கேட்க முடியவில்லை.

கீழே ‘மெயில்’ என்று ஒன்று. வந்தது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம். என் மெயிலை இந்தப் பெட்டி நிமிஷத்துக்கு ஒரு தடவை காப்பி எடுத்து வைத்திருக்கிறது. அந்தச் சீட்டு. என் கையெழுத்தில் நான் எழுதிக் கொடுத்த சீட்டு.

அப்போதுகூட என் மனசு பெண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தது. மார்ச் மாதத்துக்கு வந்தபோது ‘குலு’ என்ற சொல்லைக் கண் பிடித்தது.

குலுவைப் பற்றிச் சொல்லவேண்டும். வடக்கே, பஸ்ஸில் ஆறேழு மணி நேரம். அங்கே மருத்துவமனைகள் நடத்துகிற ஓர் அமைப்பு, நோயாளிகளின் பதிவுகளைக் காக்கும் கணினி அறைக்குப் பொறுப்பாக ஆள் கேட்டது. பிப்ரவரியில் கம்பாலாவிலேயே நேர்காணல் வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். ஒன்றுக்கும் நான் தடுமாறவில்லை. வெளியே வந்து அப்பாவிடம் போனில் “கிடைச்சிடும்” என்றேன். அப்புறம் பதிலே இல்லை. ஒரு வரி இல்லை. நான் இரண்டு தடவை எழுதிக் கேட்டேன், அதற்கும் இல்லை. மித்தியானாவில் வாழைத்தோட்டத்தில் வேலை செய்கிற, ஆங்கிலம் தெரியாத அப்பா ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார்: “குலுக்காரங்க எழுதினாங்களா?” ஐந்து மாதமாக நான் சொன்ன பதில் “இல்லப்பா.” ஐந்து மாதமாக ப்வெயோகெரெரே முக்கில், மஞ்சள் குடையின் கீழே, வருகிறவர்களின் போனில் காசு ஏற்றிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பட்டத்தோடு.

மார்ச் 14. வந்தது: ‘அன்புள்ள நாசொலோ ஒலிவியா, தங்களைத் தேர்ந்தெடுத்திருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம். ஏப்ரல் மூன்றாம் தேதி பணியில் சேரவேண்டும்.’

மார்ச் 14. போனது: ‘தங்கள் அழைப்புக்கு நன்றி. எனக்கு விரைவில் திருமணம் நடக்கவிருப்பதால் குலுவுக்கு வர இயலாத நிலையில் இருக்கிறேன். வேறு தகுதியானவருக்கு இவ்விடத்தை வழங்க வேண்டுகிறேன். தங்கள் உண்மையுள்ள, நாசொலோ ஒலிவியா, பி.எஸ்ஸி.’

வந்த கடிதத்துக்கும் போன கடிதத்துக்கும் நடுவே பதினோரு நிமிஷம்.

நான் எழுதிக் கேட்ட இரண்டும் அங்கே இருந்தன. அவற்றுக்கு அவர்கள் போட்ட பதிலும் இருந்தது. ‘தாங்கள்தான் மறுத்தீர்கள், எங்களுக்குக் குழப்பமாக இருக்கிறது.’ எல்லாவற்றையும் என் மெயிலிலிருந்து துடைத்திருக்கிறான். துடைப்பதற்குள் அவன் பெட்டியே காப்பி எடுத்துவிட்டது.

அந்த பி.எஸ்ஸி.யைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் பெயருக்குப் பின்னால் நான் ஒரு நாளும் அதைப் போட்டதில்லை. கூச்சம். அவன் போட்டிருக்கிறான். வேலையை வேண்டாமென்று சொல்லும்போது.

அத்தனை நேரம் அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மார்ச் 14 என்ன கிழமை என்று யோசித்தேன். வெள்ளி. அந்த வெள்ளிக்கிழமை நான் இங்கே, இந்தப் பாயில் உட்கார்ந்து பறக்கும் தட்டைச் சுட்டுக்கொண்டிருந்தேன். அத்தை அப்போதும் துணைக்கு இருந்தாள். கவீசி தன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். திரும்பி வந்து ரோலெக்ஸ் வாங்கத்தான் போனதாகச் சொல்லி, அந்த முட்டைச் சப்பாத்திச் சுருளைக் கையில் கொடுத்தான். அன்று முதல் முறையாக என்னை ஜெயிக்கவும் விட்டான்.

“அத்தே” என்றேன்.

“உம்.”

“குலுக்காரங்க எழுதியிருக்காங்க. மார்ச் மாசமே. வேலை குடுத்திருக்காங்க. இவன் என் பேர்ல வேணாம்னு எழுதியிருக்கான்.”

மடக். ஒரு கடலை. மடக். இன்னொன்று.

அவள் நிமிரவில்லை. ‘என்னது’ என்று கேட்கவில்லை. வாயில் கை வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் பால் பொங்கி வழிந்தாலே ‘அய்யய்யோ’ என்று எழுந்து ஓடுகிறவள்.

அத்தையைத் திரும்பிப் பார்த்த அந்த நிமிஷம் இருக்கிறதே, பெட்டிக்குள் பார்த்த அத்தனையும் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

“உங்களுக்குத் தெரியும்” என்றேன்.

“கத்தாதே. வாசல்ல ஆளு போறாங்க.”

“தெரியுமா தெரியாதா?”

“பையன் அன்னிக்கு வெளியில நின்னு போனைக் கையில வச்சுக்கிட்டு நடுங்கிட்டிருந்தான். நான் கைகழுவ வந்தேன். ‘செங்கா, அவளுக்கு வடக்கே வேலை வந்திருக்கு, போயிட்டா நான் என்ன பண்ணுவேன்’னான். அழுதான்டி. ஆம்பளை.” முறத்தை ஒருமுறை புடைத்தாள். தோல் பறந்தது. “எழுதிடுன்னேன்.”

“நீங்க சொன்னீங்களா?”

“நான்தான் சொன்னேன். பதினோரு பொண்ணைக் கட்டிக் குடுத்திருக்கேன், ஒருத்தியும் திரும்பி வரல. நீ அங்க போயி ஒரு அறை எடுத்துத் தங்கி, மாசம் பொறந்தா கையில காசு வந்துட்டா, இங்க எவனுக்கு முட்டி போடுவே? உன் கண்ணைப் பாத்தாலே தெரியும். உங்கப்பனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.”

“அதனாலதான் பாஸ்வேர்டு கேக்காதேன்னீங்க.”

ஜூன் மாதம் பாடம் தொடங்கிய முதல் நாளே சொன்னது அது. குளிக்கிற விதம், பேசுகிற விதம், பரிமாறுகிற விதம் எல்லாம் அதற்கப்புறம்தான் வந்தது. பாட்டி காலத்துச் சொல் என்று நான் நினைத்தேன். பாட்டி காலத்தில் ஏது பாஸ்வேர்டு? ஒரு பட்டதாரிக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை பாருங்கள்.

போன் அடித்தது. கவீசி. எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“நாலு மணிப் படத்தைத் தொறந்தியா?” என்றான்.

அதுதான் முதல் கேள்வி. டிஸ்க் பிழைத்ததா என்றுகூட இல்லை.

“தொறந்தேன்.”

“நாசொலோ, கேளு. அது உனக்காகத்தான். உன் போன் தொலைஞ்சா, உன் மெயில் பூட்டிக்கிட்டா, ஒரு காப்பு வேணுமில்ல? எல்லாருக்கும் சொல்றேன்ல, காப்பு இல்லாம...”

“பி.எஸ்ஸி. எதுக்குப் போட்டே?”

“என்ன?”

“என் பேருக்குப் பின்னால. எதுக்குப் போட்டே?”

‘நீ’ என்று சொன்னதை அத்தை கவனித்தாள். கை நின்றது. “நீங்கன்னு சொல்லு” என்றாள் அடிக்குரலில், பழக்கத்தில்.

“பயமா இருந்துச்சு” என்றான் கவீசி. “நீ போயிட்டா வரமாட்டேன்னு பயம். தப்புதான். திங்கக்கிழமை வந்து உன் முன்னால முட்டி போடறேன். நடந்ததை விட்டுடு. முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்.”

“ஆட்டத்தைப் பின்னால இழுக்கறியா? அஞ்சு மாசம் குடையில உக்காந்தது நான். எங்கப்பாகிட்ட இல்லப்பா இல்லப்பான்னது நான்.”

“நாசொலோ...”

“இன்னும் எத்தனை வீட்டுக்கு ரெண்டாவது கூடு வச்சிருக்கே?”

“உனக்கு மட்டும்தான். கடவுள் மேல சத்தியம்.”

தேடிப் பார்த்தேன். உண்மைதான். வளாகத்தின் இருபத்தாறு வீட்டுக்கும் ஒன்றே ஒன்றுதான். எனக்கு மட்டும். அவன் அதை ஒரு பெருமை போலச் சொன்னான். போனை வைத்தேன்.

போட்டோக்கள் ஏறி முடிய இன்னும் நாற்பது நிமிஷம் காட்டியது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஷிஃப்ரா பிறந்த அன்று எடுத்த படம் என்ன தப்பு செய்தது? நாற்பது நிமிஷமும் உட்கார்ந்திருந்தேன். அத்தையும் உட்கார்ந்திருந்தாள். டக்கு டக்கு நடுவில் ஒரு முறை நின்றது, மறுபடி அடித்தது. இருபத்தாறு வீடும் புது டிஸ்க்கில் ஏறியது. ஆயிரம் சினிமாவை விட்டுவிட்டேன், மறுபடி கிடைக்கும். அவனுடைய விளையாட்டுகளையும் எடுக்கவில்லை. ஐந்து வருஷத்து முதலிடங்கள் எல்லாம் பழைய டிஸ்க்கிலேயே இருந்தன. N-2வை மட்டும் என் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். என் மெயிலின் பாஸ்வேர்டை மாற்றினேன். என் போனைத் துடைத்து, புதிதாக வாங்கியதுபோல் ஆக்கினேன்.

நாற்காலியில் ஏறி பிஸ்கட் டின்னை எடுத்தேன்.

“அதை ஏண்டி தொடறே?” என்றாள் அத்தை.

“அக்கா!” என்று வாசலில் நின்று கூப்பிட்டேன். மாமா ஷிஃப்ரா கரண்டியோடு ஓடி வந்தாள். “உங்க போட்டோ எல்லாம் பிழைச்சிடுச்சு. இந்த டிஸ்க் உங்க வீட்டுல இருக்கட்டும். இதுல எல்லார் சீட்டும் இருக்கு. அவங்கவங்க சீட்டை அவங்கவங்க கையில குடுங்க. இன்னிக்கே எல்லாரும் பாஸ்வேர்டை மாத்திடணும்.”

“ஏன், என்னாச்சு?”

“என் மெயிலை ரெண்டு வருஷமா படிச்சிருக்கான். எனக்கு வந்த வேலையை என் பேர்லயே வேணாம்னு எழுதிட்டான்.”

“யாரு?” அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள், வேறு யாரோ ஒளிந்திருப்பதுபோல. “கவீசியா? நம்ம கவீசியா?” கரண்டியிலிருந்து கடலைக் குழம்பு சொட்டியது. டின்னைத் திறந்து தன் சீட்டைத் தேடினாள். கிடைத்ததும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ, என் பாஸ்வேர்டு பழைய ஆளு பேராச்சே! இதை வச்சுக்கிட்டா தினம் எனக்கு ‘வணக்கம் நியாபோ’ன்னு அவ்வளவு மரியாதையா சொல்லிட்டிருந்தான்?”

சிரிப்பு வரவேண்டிய இடம். இரண்டு பேருக்கும் வரவில்லை. அவள் டின்னையும் டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு, அடுத்த கதவைத் தட்டப் போனாள்.

பையைத் தோளில் மாட்டினேன்.

“உக்காரு” என்றாள் அத்தை. “பந்தலுக்குச் சொல்லியாச்சு. கோமெசி உடுப்பு தைச்சு வந்தாச்சு. குலத்துப் பெரியவங்க எல்லாருக்கும் ஆள் போயாச்சு. உங்கப்பன் முகத்துல எப்படி முழிப்பே?”

“அப்பாகிட்ட நானே சொல்றேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கேப்பாரில்ல, குலுக்காரங்க எழுதினாங்களான்னு. எழுதினாங்கன்னு சொல்றேன்.”

“அந்த எடம் இன்னும் காலியாவா இருக்கும்? வேற எவளாவது உக்காந்திருப்பா.”

“இருப்பா. திங்கக்கிழமை காலையில போயி அவ முகத்தைப் பாத்துட்டு, வேற எடம் இருக்கான்னு கேக்கறேன். நான் வேணாம்னு சொல்லலைன்னாவது அவங்களுக்குத் தெரியட்டும்.”

“வழி தெரியாத ஊரு. பாஷை தெரியாத ஊரு.”

“கத்துக்கறேன்.”

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முட்டி ஒத்துழைக்கவில்லை. மடியில் இருந்த தோலெல்லாம் பாயில் கொட்டியது. “என்னை யாருடி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க?” என்றாள். அப்போதுதான் அவள் குரலில் முதல் முறையாக ஒரு பயம் தெரிந்தது.

“போடா ஸ்டாண்டில சொல்லிட்டுப் போறேன். வந்து கூட்டிட்டுப் போவான்.”

பெட்டி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நான் அதை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி எழுந்திருக்காது, அவனே சொன்னதுதான். ஓடுகிறவரை ஓடட்டும்.

செருப்பைப் போட்டுக்கொண்டேன். பெரியவளிடம் விடைபெற வாசலில் முட்டி போடவேண்டும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து போட்டிருக்கிறேன். பரீட்சைக்குப் போகும்போது, பட்டம் வாங்கப் போகும்போது, இன்று காலையில் ஜீன்ஸ் போட்டுக்கொண்டுகூட. அத்தை பாயிலிருந்து அண்ணாந்து பார்த்தபடி அதற்காகக் காத்திருந்தாள். இத்தனைக்குப் பிறகும் நான் போடுவேன் என்றுதான் அவள் கண் சொன்னது.

“போயிட்டு வரேன் அத்தே” என்று நின்றபடியே சொல்லிவிட்டு, படியிறங்கினேன்.